மானத்துக்கண்ணி

திருவனந்தபுரத்துக் கரமனையில் வளர்ந்த பிள்ளைக்கு இரண்டு தண்ணீர் உண்டு. ஆறு பெரியவர்களுடையது. ஏலா எங்களுடையது.

ஆறு அகத்தியமலைத் தொடரில் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை என்று இறங்கி, எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு போய், திருவல்லத்துக்கு அப்பால் பனத்துறையில் அரபிக்கடலில் சேர்கிறது. மொத்தம் ஏறக்குறைய 68 கிலோமீட்டர். திருவனந்தபுரம் நகரம் குழாயில் குடிப்பது இந்த ஆற்றைத்தான். 1933-இல் அருவிக்கரையில் ஏற்பாடான குடிநீர்த் திட்டத்துக்கு வில்லிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். கடவுப்படிகளில் காலையில் சந்தியாவந்தனம், பத்து மணிக்குத் துணி துவைப்பு, மாலையில் வெற்றிலையும் ஊர்வம்பும். சிறுவர்கள் பெரியவர் துணையில்லாமல் படி இறங்கக்கூடாது. வைகாசி நடுவில் தொடங்கும் எடவப்பாதி மழையில் செக்கச் செவேலென்று வெள்ளம் வந்தால் எட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள்.

ஏலாவுக்கு அப்படிக் காவல் கிடையாது. நெல்வயல் பரப்புக்கு எங்கள் பக்கத்துப் பெயர் ஏலா. அக்கிரஹாரத்தின் கொல்லைக் கதவைத் திறந்து, வாழையும் சேம்பும் நின்ற சரிவில் இறங்கினால், வரப்பு வந்துவிடும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். நடுவில் ஒரு தோடு, அதாவது சிற்றோடை. முழங்கால் ஆழம், சில இடத்தில் இடுப்பு. அதன் கரையில் கைதை என்கிற தாழை, அதன் நிழலில் தவளை, தவளைக்குப் பின்னால் நீர்க்கோலிப் பாம்பு. இரவில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு தவளை பிடிக்க ஆள் வரும். தவளைக்கால் அந்த நாளில் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1987-இல்தான் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். திண்ணையில் படுத்துக்கொண்டு அந்த வெளிச்சங்கள் வரப்பு வரப்பாக நகர்வதைப் பார்த்தபடியே தூங்கிப்போவேன்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குக் கால்சட்டை வயது. ஏலாவை எனக்குப் படிப்பித்தவர் தோட்டுக்கு அக்கரையில் குடியிருந்த ஒரு பையன். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். அவர் அப்பாவும் அம்மாவும் எங்கள் தெருக்காரர்களின் வயல்களில் நட்டு அறுத்தவர்கள். நான் அவரைச் சேட்டன் என்பேன். அவர் என்னைச் சாமிக்குட்டி என்பார். எங்கள் தெருவில் தேங்காய் பறிக்க, விறகு போட, கறிவேப்பிலை கொடுக்க என்று அந்த வீட்டிலிருந்து தினம் யாராவது வருவார்கள். வருவது கொல்லை வழியாக. 1936-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிட்டார். எங்கள் வீடுகளின் முன்வாசல் திறக்க அதற்கப்புறமும் வெகுநாள் ஆயிற்று. அக்கிரஹாரத்தை நினைத்து ஏங்குகிற யாரும் இதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

அந்த ஆவணி மாதம் ஓணப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியிருந்தது. தோட்டின் மேல் நான் குனிந்து பார்த்தபோது தண்ணீரின் மேல்மட்டத்தில் வெள்ளைப் பொட்டுகள் நின்றன. காற்றுக்கும் அசையவில்லை, ஓட்டத்தோடும் போகவில்லை. தொடப்போனால் ஒரே நேரத்தில் எல்லாம் மறைந்தன. கையை எடுத்ததும் பழைய இடத்திலேயே நின்றன.

"அது மானத்துக்கண்ணி" என்றார் சேட்டன். "கைகொண்டு தொடல்லே, செத்துப் போவும். தோர்த்து வேணும்."

விரல் நீளமுள்ள மீன். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு. வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். தண்ணீரின் தோலுக்குக் கீழே ஒட்டினாற்போல் நின்று, மேலே விழுகிற எறும்பையும் கொசுவையும் பிடித்துத் தின்னும். பக்கவாட்டில் பச்சையும் பொன்னுமாகப் புள்ளிகள் வரிசைகட்டி இருக்கும், வெயில் சாய்வாகப் பட்டால்தான் தெரியும். முட்டையை ஒன்றிரண்டாக நீர்ச்செடியின் வேரில் ஒட்டவைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கொங்கணத்திலிருந்து கன்னியாகுமரி வரை, ஓடையும் வயலும் உள்ள இடத்தில் எல்லாம் இந்த இனம் உண்டு. 1846-இல் பிரெஞ்சு விஞ்ஞானி வாலென்சியன் அதற்கு லத்தீன் பெயர் வைத்துப் புத்தகத்தில் ஏற்றினார். இதெல்லாம் பின்னால் படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பொட்டுகளில் ஒன்றாவது என் வீட்டுக்கு வர வேண்டும் என்பதுதான்.

தோர்த்து என்பது குளித்துத் துவட்டுகிற மெல்லிய துண்டு. சேட்டன் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனை. தண்ணீருக்குக் கீழே விரித்துப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நின்றோம். பொட்டு துண்டுக்கு நேர்மேலே வந்ததும் அவர் கண்ணைக் காட்டினார். தூக்கினோம். தண்ணீர் வடிந்தது, துண்டின் குழிவில் ஒரேயொரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. சேட்டன் சேம்பிலையைப் பறித்துக் கூம்பாக மடக்கி, அதில் தண்ணீர் மொண்டு, மீனை விட்டு என் கையில் கொடுத்தார். சேம்பிலையில் தண்ணீர் ஒட்டாது. மீன் ஒரு பெரிய துளிக்குள் இருந்தது. சரிவில் நான் ஓடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக நடந்தேன்.

கொல்லை வாசலில் பாட்டி நின்றிருந்தாள்.

"என்னடா அது கையில? மீனா? ராமா ராமா! ஆத்துக்குள்ள கொண்டு வரப்படாது, கேட்டியா."

"கொசுப்புழுவைத் தின்னும் பாட்டி. நகரசபைக்காராள்கூடக் கிணத்துல விடறாளே."

உண்மைதான். கொசுவுக்காகக் கிணறுகளில் மீன்குஞ்சு விடுவது அப்போது வழக்கம். பாட்டி கொஞ்சம் யோசித்தாள். சிருங்கேரிக்குப் போனவள், துங்கையில் மீனுக்குப் பொரி போட்டவள்.

"பெருமாள் எடுத்த மொத அவதாரமாச்சே, எப்படி வேண்டாம்னு சொல்றது? கிணத்தடித் தொட்டியில போடு. அந்தத் தொட்டி ஜலத்தை யாரும் மடிக்கு எடுக்கப்படாது, அவ்வளவுதான்."

மீன் நுழையக்கூடாத வீட்டுக்குள் இப்படி ஒரு மீன் வந்து குடியேறியது.

கல்தொட்டி கிணற்றின் அருகே, மாமரத்து நிழலில். ஓரமெல்லாம் பாசி. சேட்டன் சொன்னபடி தோட்டிலிருந்து கொஞ்சம் நீர்ச்செடி பிடுங்கி வந்து மிதக்கவிட்டேன். முதல் இரண்டு நாள் மீன் செடிக்கு அடியிலேயே இருந்தது. பிறகு வெளியே வந்தது. எறும்பைப் பிடித்து மெல்லத் தண்ணீரில் வைத்தால் சிறு சத்தம் கேட்கும், எறும்பு இருக்காது. பள்ளிக்கூடம் திறந்த பிறகு காலையில் பல் தேய்க்கும்போதே தொட்டியடிக்குப் போய்விடுவேன். என் நிழல் தண்ணீரில் விழுந்தால் அது முன்பெல்லாம் ஓடி ஒளியும்; நவராத்திரி வந்தபோது நிழலைப் பார்த்ததும் மேலே வந்தது. எனக்காக வருகிறது என்றே நம்பினேன். எறும்புக்காக வருகிறது என்று அண்ணா சொன்னான். அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

பெயர் எதுவும் வைக்கவில்லை. வீட்டில் எல்லாரும் "ஒன்னோட மீன்" என்றார்கள். அதுவே போதுமாக இருந்தது. எனக்கென்று அந்த வீட்டில் வேறொன்றும் இல்லை. சட்டை அண்ணாவுடையது, புத்தகம் அத்தை பிள்ளையுடையது.

கொலுவுக்கு வந்த மாமிகளைக் கொல்லைக்கு அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டு வெச்சிண்டிருக்கே, பொண் மீனோ?" என்று கேட்டார்கள். பாட்டி சில நாள் தொட்டி ஓரமாக நின்று பொரியைக் கிள்ளிப் போடுவதைப் பார்த்தேன். மானத்துக்கண்ணி பொரி தின்னாது. பாட்டியிடம் அதைச் சொல்லவில்லை.

துலா மாதம், அதாவது ஐப்பசி, பிறந்தது. எடவப்பாதி மழை கடலிலிருந்து வரும்; துலாமழை மலையிலிருந்து வரும். மத்தியானம் வரை நல்ல வெயில். மூன்று மணிக்குக் கிழக்கே கருக்கும், இடி உருளும், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குக் கொட்டும். ஒருநாள் அந்த மழை விளக்கு வைத்த பிறகும் நிற்கவில்லை. இரவு முழுக்க ஓட்டில் இரைந்தது. இடி இடிக்கும்போதெல்லாம் பாட்டி அர்ஜுனன் பேர்களைச் சொன்னாள். தொட்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். மின்னல் வெட்டுகிறபோது கொல்லைக்கு யார் விடுவார்கள்?

விடிந்தபோது மழை விட்டிருந்தது. தொட்டி விளிம்பு வரை நிறைந்து இன்னும் வழிந்துகொண்டிருந்தது. கிணற்றடியில் கணுக்கால் தண்ணீர்; அது ஓவு என்கிற வடிகால் வழியாக வேலியைத் தாண்டிச் சரிவில் இறங்கி ஓடியது. செடியைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீரை ஒவ்வொரு செம்பாக இறைத்துப் பார்த்தேன். அடியில் மாவிலைகள் இருந்தன.

அழுதேன். பாட்டி தலையைத் தடவினாள். "எங்கேடா போயிடப் போறது? ஓவு ஜலம் நேரே ஏலாவுக்குத்தானே போறது. அதோட ஆத்துக்கு அது போயிடுத்து. நீ ஒன்னோட ஆத்துல இருக்காப்பல அது அங்க இருக்கும்."

சேட்டன் வந்து பார்த்தார். சாய்வாக ஓடிய தண்ணீரை விரலால் காட்டி, "தோட்டில் போயி, சாமிக்குட்டி. நாளெ வேறெ பிடிக்காம்" என்றார். வேறு எனக்கு வேண்டாம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டுக்கு ஓடினேன். கலங்கல் தெளியத் தொடங்கியிருந்தது. கைதை ஓரத்தில், வளைவில், மடைவாயில், எங்கே பார்த்தாலும் வெள்ளைப் பொட்டுகள். ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தேன். என் நிழலைப் பார்த்து எல்லாமே ஓடின. எது என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கும் என்னைத் தெரியவில்லை. அந்த மாலையின் துக்கம் இன்றும் நினைவிருக்கிறது. கூடவே ஒரு சமாதானமும் இருந்தது. அது அங்கேதான் இருக்கிறது, இவற்றில் ஒன்றுதான்.

அந்தச் சமாதானத்தில் பல வருஷம் வாழ்ந்தேன்.

நாங்கள் கரமனையை விட்டது அடுத்த சில வருஷங்களில். காரணம் ஊரறிந்தது. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நிலச்சீர்திருத்தச் சட்டத் திருத்தம் நடப்புக்கு வந்து குத்தகை முறை ஒழிந்தது. உழுதவருக்கே நிலம் என்றாயிற்று. குத்தகையாக வரும் பாட்ட நெல்லை நம்பியிருந்த அக்கிரஹாரத்து வீடுகள் மாதச் சம்பளம் தேடி மதராசுக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் புறப்பட்டன. அப்பாவுக்கு மதராசில் வேலை கிடைத்தது. அந்தச் சட்டத்தைத் திட்டிக்கொண்டே வண்டியேறிய பெரியவர்களை எனக்குத் தெரியும். என் கணக்கில் அது நியாயமான சட்டம்தான். சேட்டனின் குடும்பத்துக்கு அவர்கள் இருந்த மண் சொந்தமாக வேண்டியதுதான். அந்தச் சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்தில் 10 சென்ட், சிறு நகரத்தில் 5 சென்ட், மாநகராட்சி எல்லைக்குள் 3 சென்ட் என்று உரிமை கொடுத்தது. கரமனை மாநகராட்சிக்குள் இருந்தது. மூன்று சென்ட்.

பாட்டி மதராசில் மூன்று வருஷம்கூட இருக்கவில்லை. கடைசி நாட்களில் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இது எந்த ஆத்து ஜலம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அஸ்தியைத் திருவல்லத்துக்குக் கொண்டுபோனோம். பரசுராமர் கோயில் அருகே கரைத்தோம். கரமனையைத் தாண்டி வந்த அதே தண்ணீர்.

அதன்பிறகு கல்யாணம், சஷ்டியப்த பூர்த்தி என்று போகும்போதெல்லாம் கொல்லைச் சரிவில் இறங்கிப் பார்ப்பது வழக்கம். ஒவ்வொரு தடவையும் ஏலா கொஞ்சம் சிறுத்திருந்தது. முதலில் நடுவில் தென்னை வைத்தார்கள், பிறகு வாழை, மரச்சீனி. நெல்லில் கூலிக்குக் கட்டுபடியாகவில்லை என்றார்கள், அது பொய்யில்லை. பிறகு லாரிகள் வந்தன. நகரத்தைச் சுற்றி இருந்த குன்றுகளை இடித்து அந்தச் செம்மண்ணை ஏலாவில் கொட்டினார்கள். ஒரே வேலையில் குன்றும் போயிற்று, வயலும் போயிற்று. மண் கெட்டிப்பட்டதும் கல் நட்டு, மனை பிரித்து, வீடு கட்டினார்கள். கடைசியாகப் போனபோது தோடு இருந்த இடத்தில் மூடிபோட்ட சிமென்ட் ஓடை. அதன்மேல் ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள்.

இது எங்கள் ஏலாவின் கதை மட்டுமில்லை. எழுபதுகளின் நடுவில் கேரளத்தில் ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்றைக்கு 2 லட்சம் ஹெக்டேரை ஒட்டி நிற்கிறது. நெல்வயலையும் சதுப்பையும் நிரப்பக்கூடாது என்று 2008-இல் சட்டம் வந்தது. எங்கள் தோடு அதற்கு முன்பே போய்விட்டது. 2018-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, 2008-க்கு முன் நிரப்பியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த வழி செய்தார்கள். மழைத் தண்ணீருக்கு அந்த ரசீது தெரியாது. போக இடமில்லாமல் அது வீட்டுக்குள் வருகிறது. 2015-இல் நகரத்து நடுவிலுள்ள தம்பானூரின் வெள்ளத்துக்காக 'ஆபரேஷன் அனந்தா' என்று வாய்க்கால்களைத் தோண்டித் திறந்தார்கள். 2023 அக்டோபரில் ஒரே இரவு மழையில் நகரத்தின் பல பகுதிகள் மறுபடி முழுகின. முன்பு அந்தத் துலாமழையை வாங்கி வைத்துக்கொண்டது ஏலா.

சேட்டனைப் பற்றிக் கேட்டேன். வளைகுடாவுக்குப் போய்ப் பல வருஷம் இருந்து சம்பாதித்துத் திரும்பினாராம். மூன்று சென்டில் பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. பக்கத்தில் ஏலாவின் ஒரு மூலையை வாங்கி, நிரப்பி, இரண்டு மாடி வீடு கட்டினாராம். மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே தோட்டை மூடினாரா என்று முதலில் நெஞ்சு எரிந்தது. பிறகு யோசித்தேன். வேறு எங்கே கட்டுவார்? மேட்டு நிலமெல்லாம் தலைமுறை தலைமுறையாக எங்களிடம் இருந்தது. நாங்கள் விற்றபோது கூடுதல் விலை கொடுத்தவருக்குத்தான் விற்றோம். அவருக்கு மிஞ்சியது பள்ளம். ஏலா போனதற்குப் பொறுப்பாளிகளைத் தேடினால் எங்கள் தெருவும் அந்தப் பட்டியலில் வரும்.

மீன்களின் கதையும் மாறிவிட்டது. கொசுவை ஒழிக்க 1928-இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா என்ற மீன் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே கப்பி வந்திருந்தது. கொசுப்புழுவைத் தின்கிற மீன் எங்கள் தோட்டிலேயே, யாரும் கேட்காமல், கூலி வாங்காமல் வேலை செய்துகொண்டிருந்தபோது வெளியூர் ஆளைக் கூட்டிவந்தார்கள். இன்றைக்கு நகரத்து ஓடைகளில் எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது பெரும்பாலும் கப்பிதான். அழுக்குத் தண்ணீரைத் தாங்கும், குட்டியாகவே போடும். கண்ணாடித்தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்குகிற தென்னமெரிக்க சக்கர் மீன் பெருத்துப்போனதும் வீட்டுக்காரர்கள் அதை ஓடையில் விட்டுவிடுகிறார்கள்; திருவனந்தபுரத்துச் சாக்கை வாய்க்காலில் அது குடும்பம் நடத்துவதை ஆய்வாளர்கள் 2009-லேயே எழுதிவிட்டார்கள். கரமனையாற்றில் வந்து சேர்கிற கிள்ளியாறு நகரத்தின் அழுக்கைச் சுமக்கிறது. 2018-இல் மக்கள் கூடி அதைச் சுத்தம் செய்ய இறங்கினார்கள். நல்ல காரியம், ஒரு நாளில் முடிகிற காரியமில்லை.

எனக்கு அந்த மீன் இப்போது வேண்டாம். மானத்துக்கண்ணி சில வருஷம்தான் உயிர்வாழும். என்னுடையது அந்த எழுபதுகளிலேயே போய்ச் சேர்ந்திருக்கும். நான் ஏங்குவது பாட்டியின் அந்த ஒரு பதிலுக்காக. தொலைந்துபோன ஒன்றைப் பற்றி, அது அதன் வீட்டுக்குப் போயிற்று என்று ஒரு குழந்தையிடம் சொல்ல முடிந்தது. சொன்னது மெய்யாகவும் இருந்தது. கொல்லைத் தண்ணீர் தோட்டுக்கும், தோடு ஏலாவுக்கும், ஏலா ஆற்றுக்கும், ஆறு கடலுக்கும் போனது. இன்றைக்குப் பேரப்பிள்ளையின் கண்ணாடித்தொட்டி மீன் செத்தால், காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கடையில் வேறு வாங்கித் தருகிறோம். அவனிடம் சொல்ல நம்மிடம் ஒரு இடம் இல்லை.

எல்லாம் போய்விடவுமில்லை. கரமனை நெடுங்காட்டில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் பண்ணைமுறை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நகரத்தின் நடுவில், கட்டிடங்களுக்கு இடையில், அங்கே இன்னும் நெல் விளைகிறது, கொக்கு வருகிறது. கரமனை வழியாகப் போகிறவர்கள் வேலியோரம் பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். ஏலா என்று நான் சொல்வது என்ன என்று அவர்களுக்கு விளங்கும்.

அக்கிரஹாரத்தில் இன்னும் வீடு வைத்திருக்கிறவர்களுக்கும், விற்கப் பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டை இடிப்பதும் வைப்பதும் உங்கள் வசதி. கிணற்றை மூடாதீர்கள். கொல்லைத் தண்ணீர் போகிற வழியைச் சிமென்ட் போட்டு அடைக்காதீர்கள். கடையில் வாங்கிய மீனை ஓடையில் விடாதீர்கள். எங்காவது ஒரு தோடு திறந்து கிடந்தால், அதில் வெள்ளைப் பொட்டு ஒன்று தெரிந்தால், எனக்கு எழுத வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.